பதினாறு மாத வழியும் பதினைந்து ஆண்டுச் செய்தியும்



அஸர் தொழுகை முடித்துக் காசிமேட்டுக் கடற்கரைப் பக்கம் சென்றிருப்பீர்கள். துறைமுகத்தினுள் நுழைய முறை வரும்வரை நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் கண்டிருப்பீர்கள். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழ்கின்ற நமக்குக் கப்பல் புதுமையன்று. நம் பாட்டனார் காலத்தில் இக்கரையிலிருந்துதான் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்கள் கப்பலேறினர். 1926இல் ஓடத் தொடங்கி எழுபதுகளின் தொடக்கம்வரை சென்று வந்த ரஜூலாக் கப்பலின் பெயர் முதியோர் நாவில் இன்னும் வழங்குகிறது. அதில் சிங்கப்பூர் சென்று சேர ஏறத்தாழ ஒரு வாரமாகும். இன்று அதே வழியை விமானம் நான்கு மணி நேர அளவில் கடந்துவிடுகிறது.

ஹஜ்ஜுப் பயணமும் அவ்வாறே. இரயிலில் பம்பாய் சென்று, அங்கே கப்பலேறி ஜித்தாவில் இறங்கிய காலம் 1995ஆம் ஆண்டோடு முடிந்தது. சென்னைக்கும் புனித மக்காவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் தொலைவு உண்டு. மீனம்பாக்கத்தில் நேர் விமானம் ஏறுபவர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் ஜித்தாவை அடைந்துவிடுகிறார்.

நம் ஃபிக்ஹு நூல்கள் தொலைவை நாட்களைக் கொண்டே அளந்தன என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கு ஹனஃபி மத்ஹபினர் மூன்று நாள் வழியையும், ஷாஃபிஈ மத்ஹபினர் இரண்டு நாள் வழியையும் எல்லையாகக் கொண்டனர். மைல் கணக்கு அதன்பின் வந்த விளக்கமே. ஓர் ஊர் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கேட்டால், எத்தனை நாள் வழி என்று விடை கூறுவதே அக்கால வழக்கம்.

அவ்விதம் நாட்களாலும் மாதங்களாலும் உலகை அளந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று காண்போம். அவர் நம் தமிழ்க் கரையிலும் உயிர் தப்பி ஒதுங்கியவர். அவரே இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்.

தனியே புறப்பட்டவர்

மொரோக்கோ நாட்டின் வடகோடியில், கடலோரத்தில் உள்ள நகரம் டாஞ்சியர். அரபு மொழியில் தன்ஜா என்பர். ஹிஜ்ரி 703 ரஜப் மாதம், அதாவது 1304 பிப்ரவரியில், அந்நகரில் மார்க்கச் சட்டம் கற்ற குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அக்குடும்பத்தில் காஜிகளாய்ப் பணிபுரிந்தோர் இருந்தனர். அவரும் மாலிகி மத்ஹபின் சட்டங்களைக் கற்றார்.

1325 ஜூன் மாதம், தமது 21ஆம் வயதில், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் நோக்கத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். துணைக்கு ஒருவரும் இல்லை. சேர்ந்து செல்லக் கூட்டமும் இல்லை. தாயும் தந்தையும் அப்போது உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிந்த துயரம் அவரை வருத்தியது. அவர் பிரிவு அவர்களையும் வருத்தியது. கூட்டைவிட்டுப் பறக்கும் பறவையின் நிலையில் தாம் இருந்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

தன்ஜாவிலிருந்து மக்கா நேர்கோட்டில் ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர். வாசகர்களே, நம் சென்னையிலிருந்து மக்கா உள்ள தொலைவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் மேற்கு நோக்கிச் செல்ல வேண்டும். அவர் கிழக்கு நோக்கிச் சென்றார். நமக்கு அது ஆறு மணி நேரம். அவருக்கோ பதினாறு மாதங்கள்.

பதினாறு மாதங்கள்

அல்ஜீரியக் கரையில் பிஜாயா என்னும் ஊரை அடைந்தபோது அவரைக் காய்ச்சல் பற்றியது. தங்கி இளைப்பாறும்படி உடனிருந்தோர் கூறியும் அவர் இசையவில்லை. மரணம் வருமாயின் மக்காவின் வழியில் வரட்டும் என்று துணிந்தார். விலங்கின் மீதிருந்து விழாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு மேலே சென்றார்.

தூனிஸ் நகரை அடைந்தபோது நிகழ்ந்தது இன்னும் உருக்கமானது. உடன் வந்தோரை வரவேற்க அவரவர் உற்றார் வந்திருந்தனர். ஒருவருக்கொருவர் ஸலாம் கூறித் தழுவிக்கொண்டனர். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தத் தனிமையைத் தாங்க மாட்டாமல் அவர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, ஊருக்குள் செல்லும்வரை அன்போடு பேசிக்கொண்டே வந்தார். உலகம் சுற்றியவர் எனப் பின்னாளில் புகழ்பெற்றவரின் தொடக்கம், முன்பின் அறியாத ஒருவர் கூறிய ஸலாமில் ஆறுதல் கண்டதாக இருந்தது.

தூனிஸிலிருந்து ஹஜ்ஜுக் கூட்டம் ஒன்றுடன் சேர்ந்தார். அக்கூட்டத்திற்கு அவரையே காஜியாக்கினர். 1326இன் வசந்த காலத்தில் இஸ்கந்தரிய்யா துறைமுகத்தையும் பின்னர் கெய்ரோவையும் கண்டார். செங்கடலைக் கடந்து ஜித்தா செல்ல எண்ணி, மேல் எகிப்து வழியாக ஐதாப் துறைமுகம்வரை சென்றார். அங்கே போர் மூண்டிருந்தது. கடக்கக் கப்பல் இல்லை. வந்த வழியே திரும்பினார். பின்னர் ஷாம் நாட்டுக்குச் சென்று, ரமளானைத் திமிஷ்க் என்னும் டமாஸ்கஸில் கழித்தார். ஷவ்வால் பிறை கண்டதும் ஹஜ்ஜுக் கூட்டத்துடன் புறப்பட்டு, மதீனாவில் ஜியாரத் செய்து, மக்காவை அடைந்தார். ஹிஜ்ரி 726ஆம் ஆண்டின் ஹஜ் அவருக்குக் கிடைத்தது.

கடமை முடிந்த பின்னர்

புறப்பட்ட நோக்கம் நிறைவேறிவிட்டது. அவர் அப்போதே திரும்பியிருப்பாராயின் 1328ஆம் ஆண்டளவில் தாய் தந்தையர் முன் நின்றிருக்கலாம். ஆயினும் அவர் திரும்பவில்லை. இராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கிய நாடுகள், கான்ஸ்டாண்டிநோபிள், நடு ஆசியா என அவர் கால்கள் சென்றுகொண்டே இருந்தன. 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். டில்லியில் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தார்.

சிந்து நாட்டிலிருந்து டில்லிக்கு ஐம்பது நாள் வழி என்றும், அரசரின் அஞ்சல் மட்டும் அதை ஐந்து நாட்களில் கடந்து செய்தி சேர்த்தது என்றும் அவர் பதிவு செய்துள்ளார். குதிரைகளையும் ஓட்டக்காரர்களையும் இடையிடையே மாற்றி மாற்றி அனுப்பும் ஏற்பாட்டினால் இது இயன்றது. எல்லையில் இறங்கிய வெளிநாட்டவரின் முகமும் உடையும் எத்தகையவை என்பதுகூட அரசருக்கு ஐந்தே நாட்களில் எட்டியது. ஆனால் தன்ஜாவிலிருந்த ஒரு தந்தையின் செய்தியை மகனிடம் கொண்டு சேர்க்க எந்த அரசரின் அஞ்சலும் இல்லை. அச்செய்தி அவரை எப்போது அடைந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

1342இல் சீன அரசருக்குத் தூதராக அவரை டில்லி அரசர் அனுப்பினார். கோழிக்கோட்டில் கப்பல்கள் ஆயத்தமாயின. பரிசுப் பொருள்களும் உடன் செல்வோரும் கப்பலேறிவிட்டனர். இவர் மட்டும் ஜும்ஆத் தொழுகையை நிறைவேற்றுவதற்காகக் கரையில் தங்கினார். அப்போது கடல் கொந்தளித்தது. பரிசுப் பொருள்கள் இருந்த பெரிய கப்பல் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். இவருடைய பொருள்களும் ஆட்களும் இருந்த சிறிய கப்பலோ இவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துச் சென்றுவிட்டது. கையில் பத்துப் பொற்காசுகளும் படுத்துறங்கிய விரிப்பும் தவிர வேறொன்றுமின்றி அவர் கரையில் நின்றார். ஜும்ஆவுக்காகத் தங்கியவரின் உயிரை அல்லாஹ் அன்று காத்தான்.

நம் தமிழ்க் கரையில்

வெறுங்கையோடு டில்லி அரசர் முன் செல்ல அஞ்சி, பத்து நாள் கடல் வழியில் மாலத்தீவுகளை அடைந்தார். அங்கும் காஜியாகப் பணியாற்றினார். பின்னர் 1344இல் மஅபர் நோக்கிக் கப்பலேறினார். கடந்து செல்லும் இடம் என்பது மஅபர் என்னும் அரபிச் சொல்லின் பொருள். அரபு வணிகர் நம் தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு வைத்த பெயர் அது.

அத்தீவுகளிலிருந்து மஅபர் மூன்று நாள் வழியே. ஆயினும் காற்று திசை மாற்றிவிட, ஒன்பது நாள் கழித்துக் கப்பல் இலங்கையில் புத்தளத்தை அடைந்தது. அங்கே தமிழ் அரசரான ஆரியச் சக்கரவர்த்தி அவரை மதித்து முத்துகள் அளித்தார். பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் தந்தார்.

இலங்கைக்கும் நம் கரைக்கும் இடையிலுள்ள கடல் குறுகியது. அக்குறுகிய கடலில்தான் அவர் பெரும் ஆபத்தைக் கண்டார். காற்று வலுத்துக் கப்பலில் நீர் புகுந்தது. வழியறிந்த மாலுமி அதில் இல்லை. பாறைகளுக்கருகே சென்ற கப்பல் ஆழமற்ற இடத்தில் தட்டிச் சிதையத் தொடங்கியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினர். மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டினர். கரை இரண்டு ஃபர்ஸக், அதாவது ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில் இருந்தது. தம்முடன் இருந்தோரை முதலில் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இவர் உடைந்த கப்பலின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தார். பொழுது விடிந்ததும் தமிழ்க் கரையின் மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். பழமும் மீனும் தந்து உபசரித்தனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் கடலில் தவித்தவரைக் கைவிடவில்லை. காசிமேட்டிலும் நெட்டுக்குப்பத்திலும் கடலோடு வாழும் மக்களை அறிந்த உங்களுக்கு இது வியப்பளிக்காது.

அக்காலத்தில் மதுரையில் கியாஸுத்தீன் தாமகானீ என்பவர் சுல்தானாக ஆண்டார். இப்னு பதூதாவின் மனைவியரில் ஒருவருடைய சகோதரியை மணந்தவர் அவர். உறவினர் என்பதற்காக அவருடைய குற்றத்தை இவர் மறைக்கவில்லை. சிறைப்பட்ட ஊர் மக்களை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, அச்சுல்தான் கொடிய முறையில் கொன்றதைக் கண்டு உள்ளம் நடுங்கி, அது தகாத கொடுமை என்றே எழுதிவைத்தார். காஜியாக இருந்தவருக்கு நீதி என்பது உறவு பார்த்து மாறுவதன்று.

பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. நோயுற்றோர் இரண்டு மூன்று நாட்களில் மாண்டனர். இவரையும் காய்ச்சல் பற்றியது. அங்கே மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்தபின், அல்லாஹ்வின் அருளால் குணமடைந்ததாக அவர் கூறியுள்ளார். நம் வீட்டு அடுக்களைப் புளி ஓர் உலகப் பயணியின் நூலில் இடம்பெற்ற வரலாறு இது.

இரு சகோதரர்கள்

அதன்பின் வங்கம், சுமத்ரா வழியாகச் சீனம் சென்றார். அங்கே ஓர் ஊரில், தன்ஜாவுக்கு அருகிலுள்ள சப்தா நகரத்தைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தார். வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்தவர் அவர். ஊர்ப் பெயரைக் கேட்டதும் இருவரும் அழுதனர். சில ஆண்டுகளுக்குப் பின், ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள சிஜில்மாஸா நகரில், அதே மனிதரின் உடன்பிறந்த சகோதரர் வீட்டில் இப்னு பதூதா விருந்தினராகத் தங்கினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், ஒருவர் சீனத்திலும் ஒருவர் ஆப்பிரிக்காவிலும் இருந்தனர். இருவரையும் கண்ட மூன்றாமவர் இவர். அவ்விருவருக்குமிடையே இருந்த தொலைவை எண்ணி அவர் மனம் கசிந்தார்.

திமிஷ்கில் கேட்ட செய்தி

1347இல் கோழிக்கோட்டிலிருந்து இருபத்தெட்டு நாள் கடல் வழியில் அரபு நாட்டின் ழஃபார் கரையை அடைந்தார். அங்கிருந்து இராக் வழியாக, 1348இல் மீண்டும் திமிஷ்க் வந்து சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

முன்பு அந்நகரில் கருவுற்ற மனைவி ஒருவரை விட்டுச் சென்றிருந்தார். ஆண் மகவு பிறந்தது என்னும் செய்தி அவருக்கு இந்தியாவில் இருந்தபோது எட்டியது. குழந்தைக்காக நாற்பது பொற்காசுகளையும் அனுப்பிவைத்தார். இப்போது மகன் எங்கே என்று ஆவலோடு வினவினார். அம்மகன் மரணமடைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றனர். தந்தை தம் மகனின் முகத்தைக் காணவே இல்லை.

தம் பெற்றோரைப் பற்றித் தன்ஜாவின் நிலையறிந்த ஒருவரிடம் கேட்டார். தந்தையார் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றும், தாயார் இருக்கிறார் என்றும் விடை கிடைத்தது. வாசகர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். அவர் சிந்து நதிக்கரையில் வந்து இறங்கிய காலத்தின் அளவில் தந்தையார் உலகைப் பிரிந்திருக்கிறார். டில்லியில் காஜியாக வீற்றிருந்தபோதும், மாலத்தீவில் தீர்ப்பளித்தபோதும், நம் கரையில் உடைந்த கப்பலைப் பற்றிக்கொண்டிருந்தபோதும், உயிரோடிருக்கும் தந்தையாகவே அவரை எண்ணியிருந்தார். மக்கா சென்ற வழி பதினாறு மாதம். தந்தையின் ஜனாஸாச் செய்தி வந்த வழி பதினைந்து ஆண்டு.

அந்த ஆண்டு ஷாம் நாட்டிலும் எகிப்திலும் கொள்ளைநோய் கடுமையாகப் பரவியது. அவர் மீண்டும் ஹஜ் செய்து, பின்னர் தாயகம் நோக்கித் திரும்பினார். 1349இன் இறுதியில் மொரோக்கோவின் தாஸா நகரை அடைந்தார். வீடு இன்னும் சில நாள் வழிதான். அங்கே அவருக்குக் கிடைத்த செய்தி, தாயாரும் கொள்ளைநோயில் மறைந்தார் என்பது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தன்ஜா சென்ற மகனுக்குத் தாயின் கப்றை ஜியாரத் செய்யும் பேறே கிடைத்தது.

பின்னர் அவர் ஸ்பெயினின் கிரனடாவுக்கும், பாலைவனம் கடந்து மாலி நாட்டுக்கும் சென்று வந்தார். சுல்தான் அபூ இனான் ஆணைப்படி, அவர் கூறக் கூற இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுத, 1355 டிசம்பரில் ரிஹ்லா என்னும் பயண நூல் நிறைவெய்தியது. அவர் கடந்த வழியெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,17,000 கிலோமீட்டர் எனக் கணக்கிடுகின்றனர். இறுதிக் காலத்தில் மொரோக்கோவில் ஓர் ஊரின் காஜியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369இல் வஃபாத்தானார்.

நாம் அளக்க வேண்டிய தொலைவு

அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர் நடந்திராவிட்டால் அக்கால முஸ்லிம் உலகை, ஏன், பதினான்காம் நூற்றாண்டின் மதுரையைக்கூட, நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க மாட்டோம். கல்வியைத் தேடியும் கடமைக்காகவும் பிழைப்புக்காகவும் பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆயினும், பயணத்தின் நோக்கம் நிறைவேறியவர் காலந்தாழ்த்தாது தம் குடும்பத்தாரிடம் திரும்பிவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இந்தப் போதனையின் ஆழத்தை இப்னு பதூதாவின் வாழ்வைக் காட்டிலும் தெளிவாக விளக்கும் வரலாறு அரிது.

நம் பகுதியில் எத்தனை வீடுகளில் மகன் ஜித்தாவிலோ தம்மாமிலோ துபாயிலோ இருக்கிறான்! கப்பலில் வேலை செய்து மாதக்கணக்கில் கரை காணாதவர்களும் உள்ளனர். விடுப்புக் கிடைக்காமலும் கடன் தீராமலும் அங்கே தவிப்போரின் துன்பத்தை அல்லாஹ் அறிவான். அவர்கள் மீது யாரும் குற்றம் சுமத்த வேண்டா. அன்னார் கைப்பேசியில் நாள்தோறும் தாயின் குரலைக் கேட்டுவிடுகின்றனர். பதினைந்து ஆண்டு வழியாக இருந்த செய்தி அவர்களுக்குப் பதினைந்து விநாடியாகிவிட்டது.

நான் அஞ்சுவது வேறொரு தொலைவைப் பற்றி. தாய் இராயபுரத்தில் இருக்கிறார். மகன் வண்ணாரப்பேட்டையில் இருக்கிறான். பேருந்தில் சிறிது நேர வழி, நடந்தும் செல்லலாம். ஆனால் ஒரு சொத்துப் பேச்சினாலோ மருமகள் மாமியார் மனக்கசப்பினாலோ மகன் அந்த வாசலை மிதித்து ஆறு மாதமாகிறது. மக்காவுக்கு ஆறு மணி நேரத்தில் சென்று உம்ரா செய்து திரும்பிய ஒருவர், அடுத்த தெருவிலுள்ள தந்தையிடம் ஸலாம் கூறச் செல்லவில்லையென்றால், அவ்விருவருக்குமிடையே உள்ள தொலைவை எத்தனை நாள் வழி என்று சொல்வது? எந்த விமானம் அதைக் கடக்கும்?

இப்னு பதூதா அவர்களுக்குக் குறுக்கே கடல் இருந்தது, பாலைவனம் இருந்தது, கொள்ளைநோய் இருந்தது. நமக்குக் குறுக்கே இருப்பது பெரும்பாலும் நம் மனமே.

இன்று ஜும்ஆத் தொழுது முடித்து வெளியே வருகையில், வீட்டுக்குச் செல்லுமுன் பெற்றோர் இருக்கும் வாசலுக்குச் செல்லுங்கள். வெளிநாட்டில் மகன் இருந்தால், பணம் வந்ததா என்று கேட்குமுன் அவன் உண்டானா உறங்கினானா என்று கேளுங்கள். பெற்றோர் மறைந்துவிட்டவர்களோ, தன்ஜாவின் அந்த மகன் செய்ததுபோல் கப்றருகே சென்று துஆச் செய்யுங்கள். அவர்கள் நேசித்த உறவுகளைத் தேடிச் சென்று சேர்ந்துகொள்ளுங்கள்.

செய்தி வருவதற்கு முன்பே சென்று சேரும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.